நாலாவது குழி

மூன்றாவது குழியும் காய்ந்து கிடந்தது.

சும்மா காயவில்லை. மண் பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது. குழிக்குள் நின்ற சுரங்கம் ஒரு கைப்பிடி அள்ளி, மேலே நின்ற என்னிடம் நீட்டினார்.

“பாருங்க அண்ணி. இதுல செடி வெச்சா செடி நம்மகிட்ட தண்ணி கேக்கும்.”

சுரங்கம் என்பது அவருடைய பெயரல்ல. இருபது வருடமாகத் தெருத் தெருவாகத் தோண்டியதில் ஒட்டிக்கொண்டது. நான் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். ஆனால் இந்தக் குழுவின் ஃபோர்மன் என் வீட்டுக்காரர் என்பதால் தோண்டுகிறவர்களுக்கெல்லாம் நான் அண்ணிதான். மேலதிகாரி யாராவது பக்கத்தில் வந்து நின்றால் மட்டும் சட்டென்று மேடம் ஆகிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் தடுப்புக் கம்பியில் சாய்ந்தபடி குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார்.

“உன் காதுக்கு ஏதாவது ஜலதோஷமா?” என்றார்.

குழுவே சிரித்தது. சிரிப்பு வரக் கூடாது என்று நினைத்தும் எனக்கும் வந்துவிட்டது. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும்.

காது என்று அவர்கள் சொல்வது என் சென்சார்களை. ஒரு தேநீர்க் குவளை அளவுதான் இருக்கும். அடியில் காந்தம். ஆறு மாதத்துக்கு முன், ஊரிலேயே வயதான குழாய்கள் ஓடும் இந்தப் பகுதியில், வால்வு குழிகளுக்குள் இறங்கி நாற்பத்தெட்டு சென்சார்களைக் குழாய்களில் ஒட்டவைத்தோம். எழுபது வருடத்து இரும்புக் குழாய்கள். எங்கே எப்போது விரிசல் விடும் என்று யாருக்கும் தெரியாது. விரிசல் விட்ட இடத்தில் தண்ணீர் பீய்ச்சும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் குழாய் வழியாகவே இரண்டு பக்கமும் ஓடும். இந்தப் பக்கத்துக் காது முதலில் கேட்டதா, அந்தப் பக்கத்துக் காது முதலில் கேட்டதா, எவ்வளவு நேரம் முன்னால் என்று என் கணினி கணக்குப் போட்டு, தெரு வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். அங்கே தோண்டினால் கசிவு கிடைக்க வேண்டும்.

சின்னதாக நான்கு கசிவுகள் அப்படித்தான் கிடைத்தன. முதல் பெரிய கசிவு இந்தப் பதினேழாவது குறுக்குத் தெருவில் வந்தது. மேல் வால்வு குழியிலிருந்து எண்பதாவது மீட்டர் என்றது கணினி. தோண்டினோம், காய்ந்திருந்தது. தெருவில் இரண்டு மீட்டர் மேலே தள்ளித் தோண்டினோம். இரண்டு மீட்டர் கீழே தள்ளித் தோண்டினோம். இதோ, பிஸ்கட் தூள்.

எண்பதாவது மீட்டர் என்பது சலவைக் கடை வாசல். கடைக்கார அக்கா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ஏம்மா, இதுக்குப் பேருதான் ஸ்மார்ட்டா? வாசல்ல மூணு குழி, மெஷின்ல சொட்டுத் தண்ணி இல்ல. துணியை எல்லாம் உன் குழியில போட்டு மண்ணால துவைச்சுக் குடுக்கட்டுமா?”

“இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க அக்கா.”

“நாலு நாளா இதைத்தான் சொல்றே. சொல்றதையாவது மாத்திச் சொல்லு.”

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தலைமைப் பொறியாளரின் கார் வந்து நின்றது. அவருக்கு வாரியத்தில் ‘மூணு வரி’ என்று பெயர். எந்த அறிக்கையும் மூன்று வரிக்கு மேல் போனால் படிக்க மாட்டார். தானும் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார். குழியை எட்டிப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

“தெருவுல தண்ணி குறையுது, அது நிஜம். வியாழக்கிழமை இன்னும் ஒரே ஒரு குழி தோண்டிப் பாருங்க. அதுவும் காய்ஞ்சிருந்தா நாப்பத்தெட்டு கருவியையும் கழட்டித் திருப்பி அனுப்பிடுவோம், நீங்க பழைய இடத்துக்கே போயிடலாம்.”

பழைய இடம் என்றால் புகார்ப் பிரிவு. ஏழு வருடம் அங்கே உட்கார்ந்திருந்தேன். ‘தண்ணீர் வரவில்லை’, ‘தண்ணீர் கலங்கலாக வருகிறது’, ‘தண்ணீர் தெருவில் ஓடுகிறது’ என்று வருகிற கடிதங்களுக்கு எண் போட்டுக் கட்டி வைக்கும் வேலை. மகள் தூங்கிய பிறகு படித்து, பரீட்சை எழுதி, கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த வேலைக்கு வந்தேன். குழாய் பேசுவதைக் கேட்டுப் பழகிவிட்டவளால் மறுபடி கடிதத்துக்கு எண் போட முடியுமா?

திங்கட்கிழமை மாலை, அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நானே அந்தத் தெருவில் நடந்தேன். இரண்டு காதுகளுக்கும் இடையில் சரியாக இருநூறு மீட்டர். வரைபடத்தில் இருப்பதும் இருநூறுதான். நீளத்தில் பிழையில்லை.

செவ்வாய்க்கிழமை காலை என் அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இரண்டு காதுகளும் பதிந்த சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரே கசிவின் சத்தம்தான். ஆனாலும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் சரியாக உட்காரவில்லை. அண்ணனுடைய சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி, எங்கோ தொளதொளவென்று இருந்தது. என்னவாக இருக்கும் என்று யோசித்தபடி ஜன்னலைப் பார்த்தேன். கிடங்கு முற்றத்தில் ஒரு பக்கம் கறுப்பு இரும்புக் குழாய்கள், இன்னொரு பக்கம் நீல பிளாஸ்டிக் குழாய்கள் அடுக்கியிருந்தன.

எனக்குச் சுரீரென்றது.

இரும்பில் சத்தம் ஓடும். பிளாஸ்டிக்கில் நடக்கும்; மூன்றில் ஒரு பங்கு வேகம்தான். தெரு முழுக்க இரும்பு என்று வரைபடம் சொல்கிறது, கணினியும் அப்படியே நம்பிக் கணக்குப் போடுகிறது. நடுவில் எங்காவது யாராவது நீலக் குழாய் போட்டிருந்தால், சத்தம் தாமதமாக வந்ததை வைத்துக்கொண்டு ‘கசிவு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது’ என்று கணினி ஏமாந்துபோகும். சிவப்புப் புள்ளி இடம் மாறி உட்காரும்.

எங்கள் வாரியத்தில் ஒரு குழாயை மாற்றினால் அன்று மாலையே பழுதுச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் வரைபடத்தைத் திருத்துவார்கள். அந்தத் தெருவுக்கான சீட்டுகளை எல்லாம் எடுத்துப் படித்தேன். பதினோரு சீட்டு. ஒன்றில்கூட நீலக் குழாய் இல்லை.

சீட்டு இல்லாவிட்டால் என்ன, குழாய் எங்கிருந்தாவது வந்துதானே ஆக வேண்டும்? கிடங்குக்கு ஓடினேன்.

கிடங்கு அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். “எந்த வருஷம்?”

“தெரியலீங்க.”

“மாசமாவது?”

“அதுவும் தெரியலீங்க.”

“நல்லா இருக்கு. உக்காரு, எல்லாத்தையும் புரட்டு. எங்கிட்ட கையெழுத்துப் போடாம இந்த வாசலை விட்டு ஒரு போல்ட்டு வெளிய போனதில்ல. பக்கத்தை மட்டும் எச்சில் தொட்டுத் திருப்பாதே, எனக்குப் பிடிக்காது.”

நீலக் குழாய் வாரியத்துக்கு வந்தே பதினைந்து வருடம்தான் என்பதால் பதினைந்து புத்தகங்கள். மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் புரட்டினேன். மூன்றாவது புத்தகத்தில் அகப்பட்டது. ‘நீலக் குழாய், ஆறு மீட்டர் — ஐந்து. இடம்: பதினேழாவது குறுக்குத் தெரு.’

“கிடைச்சிடுச்சு!” என்று கத்தியேவிட்டேன்.

பிறகு தேதியைப் பார்த்தேன். எங்கோ தெரிந்த தேதியாக இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. தெரியாமல் என்ன? எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள். என் முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று படர்ந்தது. அந்தச் சிரிப்போடுதான் கையெழுத்தைப் பார்த்தேன். முதல் எழுத்தை அப்பளம் போல வட்டமாக ஆரம்பித்து, கடைசி எழுத்தின் வாலை அடுத்த கட்டம் வரைக்கும் இழுக்கும் கையெழுத்து. என் மகளின் மதிப்பெண் அட்டையில் மாதாமாதம் பார்க்கிற கையெழுத்து.

கிடங்கு அம்மா எட்டிப் பார்த்தார். தேதியை ஒரு தடவை, என்னை ஒரு தடவை.

“அட, நம்ம சீட்டு அண்ணன்!” என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வாரியத்தில் என் வீட்டுக்காரரின் பெயர் சீட்டு அண்ணன். வேலை முடிந்து யாராவது கை கழுவப் போனால்கூட முன்னால் போய் நின்றுகொண்டு, “சீட்டு எங்கே?” என்று கேட்பார். சீட்டு எழுதாமல் வீட்டுக்குப் போனவனை மறுநாள் முழுக் குழுவுக்கும் முன்னால் நிறுத்தி வறுத்தெடுப்பார். ‘மண்ணை மூடிட்டா கடவுளுக்கும் தெரியாது, சீட்டுதான்டா தெரியும்’ என்பது அவருடைய வேதவாக்கு.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் வெங்காயத்தை நறுக்கி நறுக்கி அடுப்பிலிருந்த வாணலியில் போட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை சமையல் அவருடையது. மகள் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“என்ன, காதுக்கு மருந்து கிடைச்சுதா?” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“கிடைச்சுது. பதினேழாவது குறுக்குத் தெருவுல நீலக் குழாய் இருக்கு.”

“சான்ஸே இல்ல. அது முழுக்க இரும்பு.”

“முப்பது மீட்டர் இருக்கு.”

“எவன் போட்டான்? சீட்டு இருக்கா? சீட்டு இல்லாம எவனாவது போட்டிருந்தா நாளைக்கு அவனை—”

நான் கைபேசியில் எடுத்து வந்த படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கத்தி வெங்காயத்தின் பாதியில் நின்றது. படத்தை விரலால் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார்.

“ஐயையோ,” என்றார் மெதுவாக.

“என்னப்பா?” என்று மகள் எழுந்து ஓடி வந்தாள்.

“அன்னிக்கு ஃபோர்மன் லீவு,” என்றார் அவர், என்னவோ நீதிமன்றத்தில் நிற்பது போல. “நான் வெறும் ஃபிட்டர். மத்தியானம் குழாய் உடைஞ்சுது. கிடங்குல இரும்பு தீர்ந்துபோச்சு. சாயந்தரம் ஆறு மணிக்கு உங்க வீட்டு ஆளுங்களோட விருந்து. நீலத்தைப் போட்டு மூடிட்டு ஓடி வந்தேன்.”

“ஆறு மணிக்கா வந்தீங்க? எட்டரைக்கு வந்தீங்க. என் சித்தப்பா ‘மாப்பிள்ளை எஸ்கேப்’னு அதுக்குள்ள நாலு பேருக்கு போன் போட்டாச்சு.”

“அதான் சொல்றேனே, வேலை!”

“ஒரு வாரமா தெரு நடுவுல நிக்க வெச்சு என் காதுக்கு ஜலதோஷமான்னு கேட்டீங்களே, இப்ப சொல்லுங்க.”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சரி விடு. இடம் தப்புன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல? எங்கே தோண்டணும்னு நீ கண்ணைக் காட்டு, வியாழக்கிழமை நான் தோண்டிடறேன். தண்ணி வந்துட்டா யாரு என்ன கேக்கப் போறாங்க? நமக்குள்ளேயே இருக்கட்டுமே.”

எனக்கு ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வரைபடத்தைத் திருத்தாவிட்டால் அடுத்த கசிவிலும் கணினி இதே பொய்யைத்தான் சொல்லும். அப்போது யார் வந்து கண்ணைக் காட்டுவார்கள்?

அவரையே பார்த்துக்கொண்டு கேட்டேன். “சீட்டு எங்கே?”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவர் திடீரென்று நிமிர்ந்தார்.

“எழுதினேன்! சத்தியமா எழுதினேன். எழுதிச் சட்டைப் பையில வெச்சேன். அந்தப் பழுப்புச் சட்டை.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? கல்யாணமாகி மூணாம் நாள், ஆசை ஆசையா வீட்டுல இருந்த துணியெல்லாம் அள்ளிப்போட்டுத் துவைச்சது யாரு?”

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. புது மனைவி துவைத்த முதல் துவையல். வாளியிலிருந்து எடுத்த ஒவ்வொரு துணியிலும் வெள்ளை வெள்ளையாகக் காகிதத் துணுக்கு. என்ன காகிதம் என்றுகூட யோசிக்காமல், நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். பதினேழாவது குறுக்குத் தெருவின் பழுதுச் சீட்டைத்தான் சுரண்டியிருக்கிறேன்.

“ஆக, ரெண்டு பேருமே குற்றவாளி,” என்று தீர்ப்புச் சொன்னாள் மகள். “வெங்காயம் கருகுது, அதையாவது பாருங்க.”

சாப்பிட்டு முடித்ததும் காகிதத்தில் கணக்குப் போட்டேன். முப்பது மீட்டர் நீலக் குழாய், புள்ளியையும் முப்பது மீட்டர் தள்ளியிருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளியது என்பதுதான் சிக்கல். நீலக் குழாய் தெருவின் மேல் பாதியில் இருந்தால் கசிவு ஐம்பதாவது மீட்டரில். கீழ்ப் பாதியில் இருந்தால் நூற்றுப்பத்தாவது மீட்டரில். எங்களுக்கு இருப்பது ஒரே குழி.

“எந்தப் பக்கம் போட்டீங்க?”

“பதிமூணு வருஷம் ஆச்சும்மா. அப்ப அந்தத் தெருவுல கடையே கிடையாது. ரெண்டு பக்கமும் ஒரே மதில் சுவரு. எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும்.”

“யோசிங்க. என் வேலையே உங்க ஞாபகத்துலதான் இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். “காலையில அங்கேயே போய் நின்னு பார்ப்போம். நின்னா வந்துடும்.”

புதன்கிழமை காலை, மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் அந்தத் தெருவுக்குப் போனோம். கடைகள் திறந்திருக்கவில்லை. மேல் முனையிலிருந்து மெதுவாக நடந்தோம். அவ்வப்போது அவர் தெரு நடுவில் நின்று, குழிக்குள் இருப்பதாக நினைத்துக் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். பால் வண்டிக்காரர் ஒருவர் சுற்றிக்கொண்டு போனார்.

“அன்னிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க, அதைச் சொல்லுங்க. குழாயை விடுங்க.”

“என்ன பண்ணுவேன்? ஒரு நட்டு முடுக்குவேன், தலையைத் தூக்கி மணி பார்ப்பேன். இன்னொரு நட்டு, இன்னொரு தடவை மணி. உன் சித்தப்பா முகம் வேற கண்ணு முன்னால வந்து வந்து போச்சு.”

“கையில கடிகாரம் கட்டியிருந்தீங்களா?”

“குழி வேலைக்கு எவன் கடிகாரம் கட்டுவான்? அந்த மருந்துக் கடை மேல பெரிய கடிகாரம் இருக்கே, அதைத்தான்—”

பேச்சு அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து மருந்துக் கடையே தெரியவில்லை. தெருவின் வளைவு மறைத்தது. அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் ஓடினேன். சலவைக் கடையைத் தாண்டினோம், தெரியவில்லை. குழந்தைகள் பள்ளியைத் தாண்டினோம், தெரியவில்லை. வளைவைத் திரும்பி இருபதடி போனதும், பெரிய சாலைக்கு எதிர்ப்பக்கம், மருந்துக் கடை நெற்றியில் வட்டமாகத் தெரிந்தது அந்தக் கடிகாரம்.

“இங்கேதான்,” என்றார். “இதுக்கு மேல இருந்து பார்த்திருக்கவே முடியாது.”

கீழ்ப் பாதி. அப்படியென்றால் நூற்றுப்பத்து. எனக்கு அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பால் வண்டிக்காரர் திரும்பி வந்துகொண்டிருந்ததால் சட்டைக் கையை மட்டும் இழுத்து விட்டேன்.

“இத்தனை தடவையா மணி பார்த்தீங்க?”

“பின்னே? உன்னைக் கட்டிக்கப் போறேன்னா சும்மாவா?” என்றார் கடிகாரத்தைப் பார்த்தபடியே.

ஒன்பது மணிக்கு டெப்போவில் எல்லோரும் கூடியிருந்தபோது, அவர் புதுச் சீட்டு ஒன்றை எடுத்துப் பெரிய எழுத்தில் நிரப்பினார். ஒளித்துக் கொடுத்திருக்கலாம். மாட்டேன் என்றார். “மத்தவனை நிக்க வெச்சுக் கேக்கறவன் நானே நின்னுதானே ஆகணும்?” மேசை மேல் ஏறாத குறையாக நின்று சத்தமாகப் படித்தார். “தாமதம்: பதிமூணு வருஷம். தாமதத்துக்குக் காரணம்: கல்யாணம். சீட்டின் கதி: மனைவியால் துவைக்கப்பட்டது.”

விசில் காதைப் பிளந்தது. சுரங்கம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அண்ணே, போன மாசம் ஒரே ஒரு நாள் லேட்டுக்கு என்னை என்ன பேச்சுப் பேசினீங்க!”

“பேசு, பேசு. இன்னிக்கு உன் நாள்.”

மூணு வரி அந்தச் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவருக்கு அதுதான் சிரிப்பு. “பதிமூணு வருஷம் லேட்டு. ஆனா மூணே வரி. நாளைக்குப் பார்ப்போம்.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு, குழந்தைகள் பள்ளியின் வேலிக்கு வெளியே சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். நூற்றுப்பத்தாவது மீட்டர். வேலியில் முகங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு மண்வெட்டிக்கும் “ஒண்ணு… ரெண்டு…” என்று எண்ணத் தொடங்கினார்கள். ஆசிரியை வந்து அதட்டினார். பிறகு தானும் நின்றுவிட்டார். சலவைக் கடை அக்கா ஒரு நாற்காலியையே கொண்டு வந்து போட்டுக்கொண்டார்.

அரை மீட்டர் போனது. உலர்ந்த மண். ஒரு மீட்டர் போனது. உலர்ந்த மண். குழந்தைகள் நூறுக்கு மேல் எண்ணத் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். குழாயின் முதுகு தெரிந்தது. கறுப்பு இரும்பு; நீலம் இன்னும் கீழே, வளைவுக்கு அப்பால். குழாயைச் சுற்றியும் காய்ந்துதான் இருந்தது.

மூணு வரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தெட்டு காதுகளும் பெட்டிக்குள் போவதும், கடிதக் கட்டுகளுக்கு முன்னால் நான் உட்காருவதும் கண்ணுக்குள் ஓடின. கணக்கு தப்பா? கடிகாரம் தப்பா? பதிமூன்று வருடத்து ஞாபகம் தப்பா?

“மேடம்…” என்று மட்டும் சொன்னார் சுரங்கம்.

என் வீட்டுக்காரர் குழிக்குள் குதித்தார். குப்புறப் படுத்து, குழாய்க்கு அடியில் மண்ணைக் கையாலேயே பறித்துவிட்டு, தோள் வரை கையை விட்டார். முகம் மண்ணோடு அழுந்தியது. குழந்தைகள் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். கையை வெளியே எடுத்தார். விரல் நுனியிலிருந்து சட்டைக் கை வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“வயித்துல விரிசல்!” என்று கத்தினார். “அடியில இருக்கு! கீழே ஒரு பழைய செங்கல் வாய்க்கால் போகுது. தண்ணி பூரா அதுக்குள்ளேயே கொட்டுது. அதான் மேல ஒரு பொட்டு ஈரம் வரல!”

“அண்ணி!” என்று மேலதிகாரி நிற்பதையும் மறந்து கூவினார் சுரங்கம். வேலியின் மறுபக்கம் எதற்கென்று தெரியாமலே பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. வால்வை மூடி, விரிசலைச் சுற்றி எஃகுப் பட்டையை இறுக்கி, மறுபடி தண்ணீரைத் திறந்துவிட மதியமாகிவிட்டது. என் கையிலிருந்த டேப்லெட்டில் இரண்டு காதுகளின் கோடுகளும் ஒருமுறை துள்ளி, அப்படியே தட்டையாகப் படுத்தன. ‘ஸ்ஸ்’ நின்றுவிட்டது. அடுத்த நிமிடம் சலவைக் கடைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

“நாலு மெஷினும் ஒண்ணா நிறையுதுடி! யம்மா, அந்தக் காதை என் கடைக்கும் ஒண்ணு மாட்டிவிடு, வாடிக்கைக்காரங்க என்ன பேசுறாங்கன்னு கேக்கலாம்!”

மூணு வரி காருக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கினார். “கருவி இருக்கட்டும், நீங்களும் இருங்க. கேட்டது சரி, வரைபடம்தான் பொய். ஊர் முழுக்க இன்னும் எத்தனை நீலக் குழாய் சீட்டு இல்லாமக் கிடக்கோ, அதையும் நீங்களே கண்டுபிடிங்க.”

அது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை என் அறை வாசலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

யாரோ என் வீட்டுக்காரரின் சீட்டைப் படியெடுத்து, அறிவிப்புப் பலகையில் நடுநாயகமாகக் குத்தி வைத்திருந்தார்கள். என் அறைக்கு வெளியே ஒரு வரிசை. மூன்று ஃபோர்மன்கள், நான்கு ஃபிட்டர்கள், தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் மாதிரி நின்றார்கள்.

“சீட்டு அண்ணனே குடுத்துட்டாரு. அப்புறம் எங்களுக்கு என்ன வெக்கம்?” என்றார் முதலில் நின்றவர். “ரயில்வே கேட்டுப் பக்கம் எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பன்னெண்டு மீட்டர், மேடம். மழை பெஞ்சுது, காகிதம் நனைஞ்சுது.”

“எனக்கு மாமியார் ஊருக்கு வந்திருந்தாங்க,” என்றார் அடுத்தவர்.

“அது ஒரு காரணமா?”

“எங்க மாமியாரைப் பார்த்திருந்தா நீங்க கேக்க மாட்டீங்க.”

ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, திரையில் கறுப்புக் கோடுகளுக்கு நடுவே நீலம் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியாக ஓய்வுபெற்ற ஃபோர்மன் ஒருவர், ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

“என்னோடது கொஞ்சம் நீளம்மா. இருபத்தஞ்சு மீட்டர் இருக்கும். தெருதான் ஞாபகமில்ல. மேடான தெரு. ஏதோ ஒரு மாடியில யாரோ தப்புத் தப்பா பியானோ வாசிச்சாங்க. நாள் பூரா ஒரே பாட்டு.”

வாசலில் என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

“ஊருல மேடான தெரு எத்தனை இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒரு இருபது இருக்கும். மத்தியானத்துக்குள்ள பாதி பார்த்துடலாம், வா.”

நான் ஹெட்ஃபோனையும் அளவுச் சக்கரத்தையும் எடுத்துக்கொள்வதற்குள், பெரியவர் போய் வண்டியின் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துவிட்டார். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் இடுங்கி உட்கார்ந்தேன். வண்டி டெப்போ வாசலைத் தாண்டியது.

“ஆனா ஒண்ணு,” என்றார் பெரியவர், தாடையைச் சொறிந்துகொண்டு. “அது பியானோவா கிட்டாரான்னு இப்ப கொஞ்சம் சந்தேகமா இருக்கு.”